'ஓட்ஸ் தானே' என்று சொல்லிச் சாப்பிடும் இனிப்பு: ஒரு லண்டன் குசினிக் கணக்கு

போன ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் அம்மாவை நீரிழிவுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹரோவில் நாங்கள் வழமையாகப் போகும் ஜீபி நிலையம்தான். கார் நிறுத்த இடமில்லை. "நீ அம்மம்மாவோட உள்ளுக்குப் போ, நான் பின்னால வாறன்" என்று மகளை இறக்கிவிட்டேன். அவளுக்கு 13 வயது. நான் இடம் தேடிப் பிடித்து, காசு கட்டி, ஓடி உள்ளே போவதற்கிடையில் கதை முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மூன்று மாத இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அம்மாவின் எண் 58இலிருந்து 69க்கு ஏறியிருந்தது. சாப்பாட்டில் ஏதாவது மாறியதா என்று நேர்ஸ் கேட்டிருக்கிறார். "இல்லைப் பிள்ளை, நான் சீனி தொடுறதே இல்லை. தேத்தண்ணியோட ரெண்டு ஓட்ஸ் பிஸ்கட், அவ்வளவுதான்" என்றார் அம்மா. அதை மகள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னாள். ஆனால் இரண்டை ஆறு என்று சொன்னாள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் 'சிக்ஸ்' என்ற சொல் நன்றாகவே விளங்கும்.

திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு வசனம்தான் வந்தது. "பேத்தி எண்டு தூக்கி வளர்த்தன், என்னைக் காட்டிக் குடுத்திட்டாள்." மகளும் விடவில்லை. "அம்மம்மா நீங்க ஆறு சாப்பிட்டனீங்கள், நான் பார்த்தனான்" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே சோபாவில், ஒருத்தி தொலைபேசியிலும் மற்றவர் சீரியலிலும்.

பிழை பிள்ளையிலும் இல்லை, அம்மாவிலும் இல்லை. என்னில்தான். ஒரு சிறுபிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அனுப்பியவள் நான். தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டலே 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. நேரம் பதியும்போதே கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்ய வேண்டியது அவர்களின் பொறுப்பு. எங்களில் எத்தனை பேர் கேட்கிறோம்? "பிள்ளை இருக்கிறாள்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

அதை விடுங்கள். நான் இன்று எழுத வந்தது அந்த ஆறு பிஸ்கட்டைப் பற்றி.

பைக்கற்றின் முன்பக்கமும் பின்பக்கமும்

அன்று இரவு அலுமாரியைத் திறந்து அந்தப் பைக்கற்றை எடுத்தேன். எந்தக் கடை, எந்தப் பெயர் என்பது இங்கே தேவையில்லை. எல்லாக் கடையிலும் இப்படி ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் ஓட்ஸ் கதிரின் படம், பச்சை நிறம், 'முழுத்தானியம்' என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு 27 கிராம் சீனி. இந்த நாட்டு அட்டவணைப்படி 100 கிராமில் 22.5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது சிவப்பு. ஒரு பிஸ்கட் 14 கிராம். ஆறு சாப்பிட்டால் கிட்டத்தட்ட 23 கிராம் சீனி, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. வளர்ந்த ஒருவர் ஒரு நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து 30 கிராமுக்கு மேல் சேர்த்த சீனி எடுக்க வேண்டாம் என்பதுதான் இங்குள்ள அறிவுரை.

அம்மா பொய் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை 12 வருடத்துக்கு முதலே விட்டவர் அவர். கல்யாண வீட்டில் லட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அவருடைய கணக்கில் ஓட்ஸ் என்றால் மருந்து. டொக்டர் சொன்னது, டிவியில் சொன்னது, கோயிலில் பக்கத்தில் இருந்த அன்ரி சொன்னது எல்லாம் ஓட்ஸ் நல்லது என்பதுதான். அந்தப் பெயர் பைக்கற்றில் இருக்கும்போது உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று ஏன் பார்க்கப் போகிறார்?

இந்த ஏமாற்றம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரவுண் சீனி, பனங்கட்டி, தேன், 'டயபெற்றிக்' என்று எழுதிய இனிப்பு என்று எமது சமூகத்தில் நல்ல பெயர் எடுத்த சீனிகள் பல இருக்கின்றன. பெயர் மாறினாலும் உடம்பு அதைச் சீனியாகத்தான் எடுக்கிறது.

குதிரைக்குப் போட்ட தானியம்

ஓட்ஸின் கதையே வேடிக்கையானது. 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்கொட்லாந்தில் சனங்கள் சாப்பிடுவது என்ற கருத்தில் கிண்டலாக விளக்கம் எழுதினார். அவர் அதை எழுதிய வீடு லண்டனில் கோஃப் சதுக்கத்தில் இன்றும் இருக்கிறது. இன்று அதே லண்டனில் ஓட்ஸ் பால் ஊற்றிய கோப்பிக்குக் கூடக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் குரக்கனுக்கு நடந்ததும் இதுதானே. அரிசிச் சோறு சாப்பிட்டால் வசதி, குரக்கன் பிட்டு சாப்பிட்டால் ஏழை என்று ஒரு காலம் இருந்தது. இப்போது ஈஸ்ட்ஹாமிலும் வெம்ப்ளியிலும் குரக்கன் மா பைக்கற் தனித் தட்டில் அடுக்கியிருக்கிறது. வாங்குபவர்கள் எல்லாம் சீனி வருத்தக்காரர்.

அந்த இரண்டு இடங்களையும் சும்மா சொல்லவில்லை. லண்டனில் தமிழர் செறிந்து வாழும் இரண்டு மூலைகளுக்குப் பக்கத்திலும் இந்த நாட்டின் இனிப்பு வரலாறு குந்தியிருக்கிறது. வெம்ப்ளிக்கு அடுத்த ஹார்ல்ஸ்டனில் மக்விட்டீஸ் பிஸ்கட் தொழிற்சாலை 1902இலிருந்து இயங்குகிறது. அந்த நிறுவனம்தான் 1985இல் ஹொப்நொப் என்ற ஓட்ஸ் பிஸ்கட்டை அறிமுகப்படுத்தியது. ஈஸ்ட்ஹாமுக்குத் தெற்கே தேம்ஸ் கரையில் சீனி ஆலைகள். அங்கே பிளேஸ்ரோவில் ஏப்ரம் லைல் என்பவர் சீனி சுத்திகரிக்கும்போது மிஞ்சும் பாகை 1883இல் கோல்டன் சிரப் என்று விற்கத் தொடங்கினார். 1921இல் அவருடைய நிறுவனமும் டேட் நிறுவனமும் ஒன்றாகி டேட் அன்ட் லைல் ஆனது. ஓட்ஸ், தேங்காய்ப்பூ, கோல்டன் சிரப் மூன்றையும் சேர்த்து முட்டையில்லாமல் சுடுவதுதான் முதலாம் உலகப் போரோடு பெயர் சேர்ந்த அன்சாக் பிஸ்கட்.

ஓட்ஸ் குக்கி என்று நாங்கள் இன்று சொல்வது அமெரிக்காவில் பிறந்தது. 1896இல் ஃபனி ஃபார்மர் எழுதிய பொஸ்ரன் சமையல் புத்தகத்தில் அது இருக்கிறது. பிறகு குவேக்கர் நிறுவனம் தன் ஓட்ஸ் பெட்டியிலேயே செய்முறையை அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோனது. 'குக்கி' என்ற சொல் டச்சுக்காரருடையது. சின்னக் கேக் என்று பொருள். அதே டச்சுச் சொல்தான் இலங்கையில் கொக்கிஸ் ஆனது என்கிறார்கள். அதை நாங்கள் அச்சுப் பலகாரம் என்கிறோம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர். அவர்களுக்கு முதல் இருந்த போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போனவை பாண், குசினி, அலுமாரி, விசுக்கோத்து. ஆக, 'இது வெள்ளைக்காரச் சாப்பாடு, எங்களுக்கு ஏன்' என்று சொல்லும்போதே எங்கள் வாயில் பாதி போர்த்துக்கேயம்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஏன் இது கூடுதல் ஆபத்து

இனி கொஞ்சம் கசப்பான விசயம். 1980களின் கடைசியில் மேற்கு லண்டனில் 40 முதல் 69 வயதுக்காரரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அதன் முடிவின்படி, தெற்காசியரில் 19 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. ஐரோப்பியரில் 4 சதவீதம். தெற்காசியருக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மையும் கூட என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இதனால்தான் இந்த நாட்டில் எங்களுக்கு அளவுகோலே வேறு. வெள்ளையருக்கு உடல் நிறைச் சுட்டெண் 25 தாண்டினால்தான் கவனம் என்றால், தெற்காசியருக்கு 23இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது. 27.5 என்றால் அதிக ஆபத்து. வெள்ளையருக்கு 40 வயதுக்கு மேல் என்று சொல்லும் ஆபத்து எங்களுக்கு 25 வயதிலேயே தொடங்குகிறது. எச்பிஏ1சி 42 முதல் 47 வரை இருந்தால் வரும் ஆபத்து கூட என்று அர்த்தம். 48 என்றால் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. கடிதம் வந்தால் பில் என்று நினைத்து மேசையில் போடாதீர்கள். இதை வாசிக்கும் இளையவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜிம்முக்குப் போகிறேன், எனக்கென்ன என்று இருக்காதீர்கள்.

ஓட்ஸ் உண்மையிலேயே நல்லதுதான். அதில் பீற்றா குளுக்கான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து கூழ்போல் வழுவழுப்பாகி, குடலில் சீனி இரத்தத்துக்குள் போகும் வேகத்தைக் குறைக்கிறது. கெட்ட கொழுப்பையும் குறைக்கிறது. ஆனால் கொழுப்பைக் குறைக்க நாளுக்கு 3 கிராம் பீற்றா குளுக்கான் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். இந்த 75ஐ ஞாபகம் வைத்திருங்கள். பிறகு வருகிறேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை

அம்மாவும் மகளும் கதைக்காமல் இருந்த ஐந்தாம் நாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். "அம்மா, கடைப் பிஸ்கட் வேண்டாம். நாங்களே சுடுவம். எனக்குப் பதம் தெரியாது, நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ" என்றேன். மகளிடம் போய், "எனக்கு அளந்து தர ஆள் வேணும்" என்றேன். இரண்டு பேரும் அடுத்தவர் இருப்பார் என்று தெரிந்தேதான் குசினிக்கு வந்தார்கள்.

நாங்கள் செய்த அளவு இது. சீவல் ஓட்ஸ் 150 கிராம். ஆட்டா மா 100 கிராம். பட்டர் 100 கிராம். பனங்கட்டி 70 கிராம். ஒரு முட்டை. முந்திரிகை வத்தல் 40 கிராம். அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. இணையத்தில் இருக்கும் செய்முறைகளில் இதே அளவு மாவுக்கு இரண்டு மடங்கு சீனி போடுகிறார்கள்.

பனங்கட்டியைத் தூளாக்கி, இளஞ்சூட்டில் உருகிய பட்டரில் கரைத்து ஆறவிட வேண்டும். பிறகு முட்டையை அடித்துச் சேர்க்க வேண்டும். சூட்டோடு முட்டையை ஊற்றினால் அவிந்துவிடும். மாவும் ஓட்ஸும் மற்றவையும் கலந்து, அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சி மா இறுகும். பிறகு 20 உருண்டை பிடித்து, உள்ளங்கையால் தட்டையாக்க வேண்டும். சீனி குறைவாக இருப்பதால் அது தானாகப் பரவாது. சீனிதான் சூட்டில் உருகி மாவைப் பரவ வைப்பது. விசிறி ஓடும் அவணில் 160 பாகையில் 12 முதல் 14 நிமிடம். எடுக்கும்போது நடு மெதுவாக இருக்கும். பயந்து திரும்ப உள்ளே வைக்காதீர்கள், ஆறும்போது இறுகும்.

இதெல்லாம் மகள் தராசில் வைத்துச் சரியாக அளந்தாள். அம்மா தராசைப் பார்த்துச் சிரித்தார். "உதெல்லாம் எதுக்கு, ஒரு பிடி, ரெண்டு பிடி எண்டு போட்டால் போச்சு." மகளுக்குக் கோபம் வந்தது. ஐந்து நாளில் அம்மம்மாவிடம் முதல் முதல் கதைத்தாள். "பிடி எண்டால் எவ்வளவு? ஒவ்வொரு தரமும் வேற வேற வரும்." அம்மா ஒன்றும் சொல்லாமல் ஓட்ஸுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தராசில் போட்டார். 32 கிராம். மகள் கொட்டிவிட்டு "இன்னொருக்கா" என்றாள். 33. மூன்றாம் தரம் 32.

மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அம்மம்மா, ஹௌ?" அம்மாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. ஐம்பது வருடமாக ஏழு பேருக்குச் சமைத்த கை அது.

பிறகு அம்மா மாவை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். "பிடிச்சால் நிக்குது, தட்டினால் உடையுது. இதுதான் பதம். பயத்தம் பணியாரத்துக்கும் இப்பிடித்தான்." 'பதம்' என்றால் என்ன என்று மகள் கேட்டாள். நான் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா அவளுடைய கையில் மாவை வைத்து அழுத்திக் காட்டினார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டு வருடம் படித்தும் வராத சொல் அரை நிமிடத்தில் வந்தது.

அவணுக்குள் தட்டு இருக்கும்போது அம்மா ஊர்க்கதை எடுத்தார். அண்ணாவின் முதலாவது பிறந்தநாளுக்குக் கேக் அடித்த கதை. வீட்டில் அவண் இல்லை. தட்டைத் துணியால் மூடி, அப்பா சைக்கிளில் வைத்து ஊர்ப் பேக்கரிக்குக் கொண்டுபோனாராம். பாண் சுட்டு முடிந்து போறணையின் சூடு கொஞ்சம் இறங்கிய பிறகுதான் கேக்கை உள்ளே வைப்பார்களாம். பாணின் சூட்டில் வைத்தால் மேல் கருகி நடு வேகாது. "உங்கட அவணிலை நம்பர் திருகுறியள். எங்களுக்கு அந்தப் போறணைக்காரர்தான் நம்பர்." பிறகு 90களில் சீனிக்கு அலைந்த கதை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வெறும் தேத்தண்ணியைக் குடித்து, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்த கதை. அந்தத் துண்டையும் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, தான் கடித்த மாதிரிக் காட்டிய கதை.

இது நான் கேட்டிராத கதை. அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

'பின்னேரம் மூண்டு மணிக்கு'

பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா மகளின் தலையைத் தடவி, மெதுவாகச் சொன்னார். "நான் ரெண்டு எண்டு சொன்னது பொய்தான். ஆறும் இல்லைப் பிள்ளை. சில நாள் எட்டு."

மகள் சிரித்துவிட்டாள். "ஏன் அம்மம்மா?" என்றாள்.

"பின்னேரம் மூண்டு மணிக்கு வீட்டிலை ஒருத்தரும் இல்லை. கதைக்க ஒரு சீவன் இல்லை. தேத்தண்ணி இருக்கு, பிஸ்கட் இருக்கு. ஒண்டு முடிய இன்னொண்டு."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் இத்தனை நாளும் பைக்கற்றின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனால், நான்கு மணிக்கு மகள் வரும்வரை அம்மா தனிய. குளிர்காலத்தில் மூன்றரைக்கே இருட்டத் தொடங்கும். ஊரில் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார். இங்கே பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே அம்மாவுக்குத் தெரியாது. பெற்றோரை இந்த நாட்டுக்கு எடுப்பதற்கு விசா, வழக்கறிஞர், காசு என்று வருடக்கணக்காக ஓடுகிறோம். எடுத்த பிறகு அவர்களின் ஒரு பகல் எப்படிப் போகிறது என்று கேட்கிறோமா?

இந்தக் கட்டுரையில் ஓட்ஸைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, கடைசியில் காரணம் ஓட்ஸும் இல்லை, சீனியும் பாதிதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பிஸ்கட்டும் மருந்தில்லை

இப்போது அந்த 75 கிராமுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பிஸ்கட் ஒன்றில் இருக்கும் ஓட்ஸ் ஏழரைக் கிராம். 75 கிராம் ஓட்ஸ் கிடைக்க வேண்டும் என்றால் பத்துப் பிஸ்கட் சாப்பிட வேண்டும். பத்தோடு சேர்ந்து வருவது 35 கிராம் பனங்கட்டியும் 50 கிராம் பட்டரும். நாள் முழுவதற்குமான 30 கிராம் எல்லை அதிலேயே தாண்டிவிடும். இந்தக் கணக்கை மகள்தான் போட்டாள். போட்டுவிட்டு, "சோ இட்ஸ் ஸ்ரில் எ பிஸ்கட்" என்றாள். அவ்வளவுதான். வீட்டில் சுட்டாலும் பிஸ்கட் பிஸ்கட்தான்.

பனங்கட்டியில் செய்தால் நல்லது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணம், ஊர் ஞாபகம், கொஞ்சம் கனிமச் சத்து எல்லாம் உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு சீனிதான். நாங்கள் போட்டது சுவைக்காக. மருந்துக்காக அல்ல. ஓட்ஸின் பயன் வேண்டுமென்றால் காலையில் கஞ்சியாகக் குடியுங்கள். உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் காய்ச்சினால் எங்கள் நாக்குக்கும் பிடிக்கும்.

அப்படியானால் வீட்டில் ஏன் சுட வேண்டும்? ஒன்று, எவ்வளவு போடுகிறோம் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பிஸ்கட்டில் போட்ட சீனி ஒன்றுக்கு மூன்றரைக் கிராம். அம்மா நாளுக்கு இரண்டு சாப்பிட்டால் 7 கிராம், 23 இல்லை. இரண்டு, பைக்கற் மாதிரி அலுமாரியில் ஒளிந்திருக்காது. நாங்கள் உருண்டைகளைப் பிடித்து உறைபெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்து, இரண்டு நிமிடம் கூட விட்டுச் சுடுகிறோம். எட்டுச் சாப்பிட வேண்டுமென்றால் எட்டைச் சுட வேண்டும். அந்தச் சோம்பலே ஒரு காவல். மூன்று, அதைச் சுட இரண்டு பேர் வேண்டும்.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தது. இப்போது மகள் நான்கு மணிக்கு வந்ததும் அம்மம்மா அவணைப் போடுவார். ஆளுக்கு இரண்டு. கால் மணித்தியாலம் கதை. அம்மா அதுவரை தேத்தண்ணியைத் தள்ளிவைத்திருப்பார். மதியத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், கோயிலில் பழக்கமான இன்னொரு அம்மாவோடு பூங்காவைச் சுற்றி நடக்கிறார். அந்த ஒழுங்கைச் செய்ய எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் தேவைப்பட்டது. அதை ஆறு வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

பெப்ரவரியில் அம்மாவின் எண் 63. டொக்டர் மாத்திரையை மாற்றியதும், இரவுச் சோற்றைக் குறைத்ததும், நடையும் சேர்ந்து வந்த முடிவு அது. பிஸ்கட்டால் குறைந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இன்னும் குறைய வேண்டும். இந்தத் தடவை தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அம்மா தன் வாயாலேயே சொன்னார்: "நாளுக்கு ரெண்டு பிஸ்கட். பேத்தியோட."

எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மகள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். அம்மம்மாவின் அளவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தராசில் போட்டு எழுதும் தாள். முதல் வரி: 'அம்மம்மாவின் ஒரு பிடி ஓட்ஸ் = 32 கிராம்.' அதற்குக் கீழே பிட்டுக்கு மா, இடியப்பத்துக்கு உப்பு, குழம்புக்குத் தூள். சில சொற்களில் எழுத்துப் பிழை இருக்கிறது. நான் திருத்தவில்லை. அவளாகக் கேட்டால் அம்மம்மா சொல்லிக்கொடுப்பார்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டிலும் ஒரு தராசை எடுத்து வையுங்கள். உங்கள் அம்மாவின் ஒரு பிடி எத்தனை கிராம் என்று பாருங்கள். அப்படியே, பின்னேரம் மூன்று மணிக்கு அவர் என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள்.